4 நிமிடம் 12 நொடி: நங்கநல்லூர் வீட்டில் ஒரு தீ ஒத்திகை

நேற்று இரவு பத்தே முக்காலுக்கு ஹாலில் மாட்டிய புகை அலாரத்தின் டெஸ்ட் பட்டனை அழுத்திவிட்டு, மொபைலில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டேன். 1 நிமிடம் 5 நொடியில் அம்மா, மனைவி, மகள் மூன்று பேரும் கேட்டுக்கு வெளியே தெருவிளக்கடியில் நின்றார்கள். எதிர்வீட்டு மாமா பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்து "என்னப்பா ஆச்சு?" என்றார். மூன்று மாதத்துக்கு முன்னால் இதே ஒத்திகைக்கு 4 நிமிடம் 12 நொடி ஆனது. இடையில் செய்த வேலை, செலவு, சொதப்பல் எல்லாம் மறந்துபோவதற்குள் எழுதிவைக்கிறேன்.

வீடு 1994இல் அப்பா கட்டியது. கீழே அம்மா, மேலே நாங்கள். ஆடி மாதத்தில் ஒருநாள் காலை மேல் பாத்ரூம் பக்கம் மீன் கருகியது போல ஒரு நாற்றம். நாங்கள் மீன் சமைக்காத வீடு. தேடிப் பார்த்தால் கீஸர் பிளக் மாட்டும் 16 ஆம்பியர் சாக்கெட் பழுப்பேறி, ஒரு ஓட்டையைச் சுற்றி பிளாஸ்டிக் உருகி இறங்கியிருந்தது. பிளக்கைப் பிடுங்க முடியவில்லை, ஒட்டிக்கொண்டுவிட்டது. எலெக்ட்ரீஷியன் வந்து கழற்றிப் பார்த்து, "லூஸ் கனெக்‌ஷன் சார். ஸ்க்ரூவை யாரும் இருபது வருஷமா தொடல" என்றார். புதுசு மாட்டி 350 ரூபாய் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அத்தோடு விட்டிருப்பேன்.

அந்த வாரம் துபாயிலிருந்து தம்பி லீவில் வந்திருந்தான். கருகிய சாக்கெட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணா, இங்க ஒரு ஸ்மோக் அலாரம்கூட இல்லையா?" என்று கேட்டான். அவன் இருக்கும் வில்லாவில் அது கட்டாயம். அங்கே வீடுகளுக்கென்றே ஹசன்துக் என்ற ஏற்பாடு இருக்கிறது. வீட்டிலுள்ள டிடெக்டர்கள் ஒரு பெட்டியோடு பேசும். அந்தப் பெட்டி 24 மணி நேரமும் ஆள் இருக்கும் கண்காணிப்பு மையத்தோடு பேசும். அலாரம் அடித்தால் முதலில் வீட்டுக்காரருக்குப் போன் வரும், நிஜம் என்றால் அங்கத்துத் தீயணைப்புத் துறையான சிவில் டிஃபென்ஸின் வண்டி கிளம்பும். வெயிலில் ஏசி இரவுபகலாக ஓடும் பாலைவன ஊர், அதனால் கெடுபிடி என்று நான் சமாளித்தேன். "இங்க மட்டும் ஏசி ஓடலையா?" என்றான். பதில் இல்லை.

நம்மூரில் என்ன கேட்கிறார்கள் என்று பார்த்தேன். தமிழ்நாட்டின் 2019ஆம் வருஷத்து ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் 18.30 மீட்டர் உயரத்தைத் தாண்டினால்தான் உயரடுக்குக் கட்டடம். தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, ஹைட்ரன்ட், ஸ்பிரிங்க்ளர் என்ற பேச்செல்லாம் பெரும்பாலும் அந்தக் கோட்டுக்கு மேலேதான். என் வீடு மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரோடு சேர்த்து 8 மீட்டர்கூட இல்லை. யாரும் வந்து சோதிக்கப்போவதில்லை. சரி, நாமே இன்ஸ்பெக்டர் ஆகிவிடுவோம் என்று தம்பி இருக்கும்போதே முதல் ஒத்திகையை வைத்தோம். அப்போது அலாரம் கிடையாது, தம்பி ஒரு எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டினான். அந்த 4 நிமிடம் 12 நொடியில் பாதிக்கு மேல் கிரில் கேட்டின் சாவியைத் தேடியதிலேயே போனது. சாவி ஃப்ரிட்ஜ் மேலே, பேப்பருக்கு அடியில் இருந்தது. அம்மா அதற்குள் கண்ணாடியைத் தேடி, பீரோவைத் திறந்து பத்திரப் பையை எடுத்து, சாமி விளக்கைக் குளிர வைத்துவிட்டு வந்தார்.

முதலில் அலாரம் வாங்கினேன். ஆன்லைனில் நான்கு, ஒன்று 1,150 ரூபாய், 9 வோல்ட் பேட்டரியில் ஓடும், புகையை ஒளியால் உணரும் ஃபோட்டோஎலெக்ட்ரிக் வகை. எங்கே மாட்டுவது என்பதற்கு நம் ஊரில் வீட்டுக்காரருக்குச் சொல்லும் எளிய வழிகாட்டி எதுவும் என் கையில் சிக்கவில்லை. அதனால் அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கமான என்எஃப்பிஏ சொல்வதை எடுத்துக்கொண்டேன்: ஒவ்வொரு படுக்கையறையிலும் ஒன்று, படுக்கையறைகளுக்கு வெளியே ஒன்று, ஒவ்வொரு தளத்திலும் ஒன்று, சமையல் அடுப்பிலிருந்து குறைந்தது 3 மீட்டர் தள்ளி. கணக்குப்படி எனக்கு ஐந்து வேண்டும். நான்கோடு நிறுத்தினேன்: மூன்று படுக்கையறை, கீழ் ஹால். மேலே மாடிப்படி முடியும் இடத்துக்கு ஒன்று பாக்கி.

3 மீட்டர் என்பதைப் படித்தும் மீறினேன். கீழ் ஹாலில் சமையலறை வாசலை ஒட்டி, அடுப்பிலிருந்து 3 மீட்டருக்குள் பழைய கொக்கி ஒன்று இருந்தது, புதிதாகத் துளை போட வேண்டாமே என்று அங்கேயே மாட்டிவிட்டேன். முதல் நாள் ரசத்துக்குத் தாளித்தபோது ஒருமுறை அலறியது. இரண்டாம் நாள் அம்மா சாம்பார்ப் பொடிக்கு மிளகாய் வறுத்தார். அந்த நெடிக்கு நாங்களே இருமிக்கொண்டிருந்தோம், அலாரம் எம்மாத்திரம்? வெள்ளிக்கிழமை சாம்பிராணிக்கு மூன்றாம் முறை. அம்மா துடைப்பக் கட்டையால் அதன் வயிற்றில் ஒரு குத்து குத்தி, பேட்டரியைக் கழற்றிப் பூஜை அலமாரியில் வைத்துவிட்டார். இரண்டு நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அடுப்பிலிருந்து 3.2 மீட்டர் தள்ளி வேறு இடத்தில் மாட்டிய பிறகு தாளிப்புக்கு வாய் திறப்பதில்லை. மிளகாய் வறுக்கும் நாளில் மட்டும் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு, சமையலறைக் கதவைச் சாத்திவிடுகிறோம்.

நம்மூர் சீலிங்கில் இன்னொரு சிக்கல், ஃபேன். புகை மேலே ஏறும்போது ஃபேன் காற்று அதைத் தள்ளிவிடும், அதனால் இறக்கையின் நுனியிலிருந்து 90 சென்டிமீட்டராவது விலக வேண்டும். எங்கள் படுக்கையறை 10க்கு 11 அடி, நடுவில் 48 அங்குல ஃபேன். டேப் வைத்து அளந்தால் மூலைப் பக்கங்களில்தான் இடம் மிஞ்சுகிறது. மூலையின் உச்சியில் காற்றுத் தேங்கி நிற்கும் என்பதால் இரு சுவரிலிருந்தும் ஒரு ஜாண் தள்ளிப் போட்டேன்.

துளை போடக் கடன் வாங்கிய ஹேமர் டிரில், 6 மில்லிமீட்டர் பிட். அண்ணாந்து பார்த்துத் துளையிட்டால் சிமென்ட் தூள் முழுக்கக் கண்ணில் விழும். கொட்டாங்குச்சியின் கண்ணில் துளை போட்டு டிரில் பிட்டில் குடை மாதிரி மாட்டிக்கொண்டேன், தூள் அதில் விழுந்தது. மகளின் யோசனை. இரண்டு இடத்தில் கம்பி தட்டியது, அரை அங்குலம் நகர்த்திப் போட்டேன். அலாரத்தோடு ஒரு ஆரஞ்சு மூடி வரும், தூசு உள்ளே போகாமல் இருக்க. வேலை முடிந்ததும் அதைக் கழற்ற வேண்டும். இந்த மூடியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மாட்டி முடித்து டெஸ்ட் பட்டனை அழுத்தினால் காது கிழிகிறது, 3 மீட்டரில் 85 டெசிபல் என்று அட்டையில் போட்டிருக்கிறது. ஆனால் கீழ் ஹாலில் அடிக்கும் சத்தம் மேலே கதவு சாத்தி ஏசி ஓடும் அறையில் எவ்வளவு கேட்கிறது? மொபைல் ஆப்பில் 50க்குக் கொஞ்சம் மேலே காட்டியது. பக்கத்து வீட்டு டிவி அளவு. தூங்குகிறவரை எழுப்பாது. ஒன்று அடித்தால் எல்லாம் அடிக்கும் வயர்லெஸ் வகையை முதலிலேயே வாங்கியிருக்க வேண்டும். விலை இரண்டு மடங்குக்கு மேல் என்று கை சுருங்கிவிட்டது. மறுபடி வாங்கினால் மூன்றே வாங்கினாலும் அந்த வகைதான்.

அடுத்து கரன்ட். கரன்ட் கசிந்தால் தானே விழும் ஆர்சிசிபி என்ற சுவிட்சை வைக்க வேண்டும் என்று மின்வாரியமே பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. போன கரன்ட் அவ்வளவும் திரும்பி வருகிறதா என்று பார்த்து, 30 மில்லி ஆம்பியர் காணாமல் போனாலே கட் பண்ணிவிடும். கீழுக்கு ஒன்று, மேலுக்கு ஒன்று, 40 ஆம்பியர், தலா 2,100 ரூபாய். காலை பதினொரு மணிக்கு மாட்டினோம். மாலை ஆறரை வரை ஒரு தொந்தரவும் இல்லை. மகள் டியூஷனுக்குக் கிளம்பி மாடிப்படி விளக்கைப் போட்டாள், டப் என்று இரண்டு தளமும் இருட்டு. எலெக்ட்ரீஷியன் அப்போதுதான் பணத்தை எண்ணிக்கொண்டிருந்தார்.

அன்று இரவு ஒன்பது வரையும் மறுநாள் முழுக்கவும் தேடினோம். லோடு மிஞ்சினால் விழும் எம்சிபி சுவிட்சுகளை ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தோம், மாடிப்படி விளக்கைப் போட்டாலே விழுகிறது. பல்பை மாற்றினோம், ஹோல்டரை மாற்றினோம், சுவிட்சை மாற்றினோம். கடைசியில் எல்லா லைனும் பிரியும் டிபி பாக்ஸில், கரன்ட் திரும்பி வரும் நியூட்ரல் ஒயர்களைக் கட்டையிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி, மல்டிமீட்டரில் எது எங்கே போகிறது என்று பார்த்தபோது பிடிபட்டது. டூ-வே சுவிட்ச் போட்ட அந்த விளக்குக்கு கரன்ட் போகும் ஃபேஸ் ஒயர் கீழ் டிபியிலிருந்து, நியூட்ரல் மேல் டிபியிலிருந்து. 1994இல் யாரோ நாலு மீட்டர் ஒயரை மிச்சம் பிடித்திருக்கிறார்கள். கீழே உள்ள ஆர்சிசிபி "போனது திரும்பவில்லை" என்று விழும், மேலே உள்ளது "போகாதது வருகிறது" என்று விழும். 9 வாட் எல்இடி பல்புதானே என்றால், அதற்கே சுமார் 40 மில்லி ஆம்பியர், போதும். கேஸிங் போட்டு கீழிருந்து தனி நியூட்ரல் இழுத்தோம். வீடு முழுக்க ஒரே ஆர்சிசிபி வைத்திருந்தால் இந்தத் திருட்டு நியூட்ரல் ஜென்மத்துக்கும் தெரிந்திருக்காது.

ஐப்பசியில் முதல் கனமழைக்கு மறுபடி கீழ்த்தளம் விழுந்தது. இந்த முறை அரைமணி நேரத்தில் கண்டுபிடித்தேன், கேட் விளக்கின் கூண்டுக்குள் எறும்புப் புற்று, அதில் தண்ணீர்.

ஆனால் ஒன்று. இவ்வளவு பாடுபட்டு வைத்த ஆர்சிசிபி என் கீஸர் சாக்கெட்டைக் காப்பாற்றியிருக்காது. லூஸ் ஸ்க்ரூவில் கரன்ட் எங்கும் கசிவதில்லை, அளவுக்கு மீறி ஓடுவதும் இல்லை, அந்த ஒரு புள்ளி மட்டும் அடுப்பு மாதிரி காய்கிறது. ஆர்சிசிபியும் பார்க்காது, எம்சிபியும் பார்க்காது. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மெயினை ஆஃப் செய்து, டெஸ்டரில் சரிபார்த்துவிட்டு, எலெக்ட்ரீஷியனோடு உட்கார்ந்து பதினொரு போர்டையும் திறந்தோம். மூன்றில் ஸ்க்ரூ அரைச்சுற்றுக்கு மேல் திரும்பியது. ஒன்றில் பல்லி முட்டை. பெரிய லோடு இழுக்கும் இடங்களைச் சோதிக்க, கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றி தெர்மாமீட்டரை எடுத்தேன். அதில் பொருள் அளக்கும் மோட் ஒன்று உண்டு. கீஸர் கால்மணி நேரம் ஓடியதும் பிளக்கின் மேல் பிடித்தால் 41 டிகிரி. வாஷிங் மெஷின் 38. கீழ் அறை ஏசியின் பிளக்கில் எண்ணே வரவில்லை, அளவு தாண்டிவிட்டது என்று காட்டியது. தொட்டுப் பார்த்தேன், விரலை வைத்திருக்க முடியவில்லை. அம்மா தலைமாட்டுக்கு இரண்டடி மேலே. சாக்கெட்டைத் தூக்கிவிட்டு, 20 ஆம்பியர் ஏசி பாக்ஸ், 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டோம். மொத்த வேலையில் உருப்படியான கண்டுபிடிப்பு எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். கருவிக்குத் தனிச் செலவும் இல்லை.

சமையலறையில் அதிகம் இல்லை. காஸ் டியூபில் அச்சடித்திருந்த தேதியைப் பார்த்தேன், ஏழு வருஷம் ஆகியிருந்தது. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஏஜென்சியில் ஆரஞ்சு நிற சுரக்‌ஷா டியூப் 190 ரூபாய், ஒன்றரை மீட்டர். காஸ் டிடெக்டரை முதலில் அடுப்புக்கு மேலே, ஆள் உயரத்தில் மாட்டினேன். சமையல் காஸ் காற்றைவிடக் கனம், கீழேதான் தேங்கும். தரையிலிருந்து ஒரு அடி உயரத்துக்கு இறக்கினேன். கசிவு என்றால் கூப்பிட வேண்டிய 1906, தீ என்றால் 101, இரண்டையும் அம்மாவின் போனில் ஸ்பீட் டயலில் போட்டேன்.

தீயணைப்பான் இரண்டு, பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில். மேலே பலவகைத் தீக்கும் ஆகும் 4 கிலோ ஏபிசி பவுடர், 2,300 ரூபாய். கீழே 2 கிலோ, 1,450. அம்மாவால் 4 கிலோவைத் தூக்க முடியவில்லை. இரும்பு உடம்பின் எடையும் சேர்ந்தால் ஆறு கிலோவுக்கு மேல் வரும். தீயணைப்பானுக்கான இந்தியத் தர எண் ஐஎஸ் 15683 முத்திரையும், அழுத்தம் காட்டும் முள் பச்சையில் நிற்கிறதா என்பதும் பார்த்து வாங்கினேன். இரண்டையும் வாசல் பக்கம் மாட்டியிருக்கிறேன். அடுப்புக்குப் பக்கத்தில் மாட்டினால் தீயைத் தாண்டிப் போய்த்தான் எடுக்க வேண்டும்.

அடித்துப் பழகாமல் மாட்டுவதில் அர்த்தமில்லை. பின்தெரு அபார்ட்மென்ட்டில் ரீஃபில்லுக்குப் போகவிருந்த 2 கிலோ ஒன்றைச் செயலாளரிடம் கெஞ்சிக் கேட்டு, காலி மனையில் அடித்துப் பார்த்தோம். பின்னை இழுத்து, தீயின் அடியைக் குறிவைத்து, இடமும் வலமுமாக வீச வேண்டும். மனைவி பிடித்தாள், நான் எண்ணினேன். 9 நொடி, அவ்வளவுதான். அதற்குள் காற்று திரும்பி மஞ்சள் பவுடர் முழுக்க என் வண்டி மேல். எண்ணெய்ச் சட்டி பற்றினால் இதை எடுக்க வேண்டாம், அடுப்பை அணைத்துப் பெரிய தட்டால் மூடு, தண்ணீர் மட்டும் ஊற்றாதே என்று அம்மாவிடம் விளக்கினேன். "இதைக் கத்துக்க உனக்கு ரெண்டு மாசம் ஆச்சாடா?" என்றார்.

கடைசி வேலை கிரில். சென்னையில் திருடனுக்குப் பயந்து எல்லா ஜன்னலுக்கும் கம்பி போட்டுக்கொண்டு உள்ளே படுத்திருக்கிறோம். அம்மா அறைக்குக் கதவு ஒன்றுதான், அது ஹாலில் திறக்கிறது. ஹாலில் தீ என்றால்? பழவந்தாங்கலிலிருந்து வெல்டரை வரவைத்து, ஜன்னல் கிரில்லில் 60க்கு 75 சென்டிமீட்டர் அளவுக்கு வெட்டி, கீல் வைத்து, உள்ளிருந்து மட்டும் திறக்கக்கூடிய தாழ்ப்பாள் போடச் சொன்னேன். 3,800 ரூபாய்.

வெல்டிங்குக்கு முன்னால் திரையைக் கழற்றினேன், மெத்தையை நகர்த்தினேன், ஒரு வாளித் தண்ணீர் வைத்தேன். கிரைண்டர் தூசு போகக்கூடாது என்று அறையின் அலாரத்துக்கு ஆரஞ்சு மூடியை மறுபடி மாட்டினேன். வேலை முடிந்தது, வெல்டர் டீ குடிக்கப் போனார். நான் ஹாலில் காசு எண்ணிக்கொண்டிருந்தேன். லேசாக ஒரு நாற்றம். உள்ளே போனால், கட்டிலுக்கடியில் தள்ளி வைத்திருந்த தேங்காய்நார் மிதியடியின் ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. பட்டாணி அளவு. சுவாலை இல்லை. அதிலிருந்து நூல் மாதிரி புகை நேராக ஏறி, கட்டில் விளிம்பில் முட்டி வளைந்து, மேலே போய் ஆரஞ்சு மூடியைச் சுற்றிச் சாவகாசமாகத் திரிந்துகொண்டிருந்தது. அலாரத்தின் பச்சை விளக்கு பாட்டுக்குக் கண் சிமிட்டியது. மிதியடியை வாளிக்குள் முக்கினேன், சுர்ரென்று ஒரு சத்தம். இந்த வீட்டில் மூன்று மாதத்தில் தீக்கு மிக அருகே போனது அந்த மாலைதான். அதைக் கொண்டுவந்தது என் பாதுகாப்பு வேலை, மறைத்தது என் கை மாட்டிய மூடி. வெல்டிங் முடிந்து அரைமணி நேரமாவது அந்த அறையை விட்டு நகரக்கூடாது. மூடி இப்போது என் சாவிக்கொத்தில் தொங்குகிறது. கொத்தில் இல்லை என்றால் எங்கோ ஒரு அலாரம் ஊமையாக இருக்கிறது என்று அர்த்தம்.

அதோடு கிரில்லும் தப்பு. வெளிப்பக்கம் திறந்தால் ஏசியின் அவுட்டோர் யூனிட்டில் இடித்து மூன்றில் ஒரு பங்குதான் திறந்தது. நான் மூடியபடியே அளந்து கொடுத்திருக்கிறேன், திறந்தால் எங்கே போகும் என்று பார்க்கவில்லை. கீலை மறுபக்கம் மாற்ற இன்னொரு 600. வாசல் கிரில்லுக்குத் தொங்குபூட்டை எடுத்துவிட்டு, உள்ளிருந்து சாவியில்லாமல் குமிழைத் திருகினாலே திறக்கும் பூட்டு, 1,250. வெளியிலிருந்து கைவிட்டு எட்டாதபடி ஒரு தகடும் அடித்தார் வெல்டர், அதற்குக் காசு வாங்கவில்லை.

எலெக்ட்ரீஷியன் கூலி 2,800, ஒயர் சாக்கெட் வகையறா 1,900, காஸ் டிடெக்டர் 1,650. எல்லாம் சேர்த்து 24,740 ரூபாய். ஒத்திகையில் மிச்சமான 3 நிமிடம் 7 நொடியில் பெரும்பங்கு அந்த 1,250 ரூபாய்ப் பூட்டுக்கும், அம்மாவின் கண்ணாடியைக் கட்டில் காலில் கட்டித் தொங்கவிட்ட பைக்கும் உரியது. பத்திரப் பையை மட்டும் இன்னும் விடமாட்டேன் என்கிறார். நேற்றும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் வந்தார்.

வீடியோவைத் தம்பிக்கு அனுப்பினேன். "அலாரம் அடிச்சா யாருக்குப் போன் போகும்?" என்று கேட்டிருக்கிறான். எதிர்வீட்டு மாமாவுக்கு என்று பதில் போட்டேன்.

மாடிப்படி உச்சிக்கு ஐந்தாவது அலாரம் இந்த மாதச் சம்பளத்தில். அடுத்த ஒத்திகை போகிக்கு முந்தைய இரவு, அம்மாவிடம் சொல்லப்போவதில்லை.